ஸ்டோரேஜ் பெட்டியில் டிஸ்க் குரூப், வர்ச்சுவல் டிஸ்க் அமைப்பது: முதலில் தாளும் பேனாவும்

ஸ்டோரேஜ் பெட்டி என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாக வைத்து, நெட்வொர்க் வழியாகச் சர்வர்களுக்கு இடம் தரும் பெட்டி. அதை அமைக்கும் வேலையில் மவுஸைப் பிடித்துச் செய்கிற பகுதி அரை மணி நேரம்கூட ஆகாது. அதற்கு முன்னால் தாளில் கணக்குப் போடுகிறோமே, அதுதான் வேலை. டிஸ்க் குரூப்பை ஒருமுறை போட்டு அதில் டேட்டா ஏறிவிட்டால், பிறகு மாற்ற நினைப்பது வீடு கட்டிக் குடியேறிய பின் அஸ்திவாரத்தைத் தோண்டுவது போல. அதனால்தான் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "தாளில் எழுதியாச்சா?"

உதாரணத்துக்கு டெல் பவர்வால்ட் எம்டி3200ஐ (MD3200i) பெட்டியை எடுத்துக்கொள்கிறேன். 2010 வாக்கில் வந்தது. முன்பக்கம் 3.5 அங்குல டிஸ்க் 12 போடலாம். பின்பக்கம் இரண்டு கண்ட்ரோலர் (பெட்டியை இயக்கும் மூளை), ஒவ்வொன்றிலும் 1 கிகாபிட் வேகத்தில் 4 ஐ-ஸ்கஸி போர்ட். சர்வர் நெட்வொர்க் கேபிள் வழியாக டிஸ்க்கைப் பயன்படுத்தும் முறைதான் ஐ-ஸ்கஸி. பழைய பெட்டிதான். ஆனால் டிஸ்க் குரூப், வர்ச்சுவல் டிஸ்க், மேப்பிங் என மூன்றும் இதில் தனித்தனிப் படிகளாகக் கண்ணுக்குத் தெரியும், அதனால் கற்றுக்கொள்ள நல்லது. பின்னால் வந்த எம்இ4, எம்இ5 வரிசையில் திரை வேறு, நடுவில் 'பூல்' என்று ஒன்று வரும். கணக்கு மட்டும் இதேதான்.

எது எதற்குள் இருக்கிறது?

பக்கத்துப் பக்கத்து நிலங்கள் பன்னிரண்டை வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். அவற்றில் ஏழு நிலங்களை வரப்பு வெட்டி ஒரே நிலமாகச் சேர்க்கிறீர்கள். அதுதான் டிஸ்க் குரூப். சேர்த்த நிலத்தில் லேஅவுட் போட்டு மனை பிரிக்கிறீர்கள். ஒவ்வொரு மனையும் ஒரு வர்ச்சுவல் டிஸ்க். இந்த மனை இன்னாருக்கு என்று பத்திரம் எழுதுவது மேப்பிங். சர்வருக்குத் தெரிவது மனை மட்டுமே. அடியில் எத்தனை நிலம் இருந்தது, எந்த வரப்பு எங்கே ஓடியது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

டேட்டாவைப் பல டிஸ்க்குகளில் பரப்பி வைக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். ரெய்டு வகை என்பது குரூப்பின் குணம், வர்ச்சுவல் டிஸ்க்கின் குணமல்ல. ஒரே குரூப்பில் பிரித்த எல்லா மனைக்கும் ஒரே ரெய்டுதான். டேட்டாபேஸுக்கு ஒரு ரெய்டு, கோப்புகளுக்கு இன்னொரு ரெய்டு வேண்டுமென்றால் இரண்டு குரூப் போட்டாக வேண்டும்.

தாளில் போடும் கணக்கு

கையில் 12 டிஸ்க். ஒவ்வொன்றும் 2 டெராபைட், நிமிடத்துக்கு 7,200 சுற்று. மொத்தம் 24 டெராபைட் என்று மனம் உடனே பெருக்கிவிடும். அப்படிக் கிடைக்காது. டிஸ்க் செய்பவர்கள் ஆயிரத்தால் எண்ணுகிறார்கள், மென்பொருள் 1,024 ஆல் எண்ணுகிறது. அதனால் 2 டெராபைட் என்று எழுதிய டிஸ்க் திரையில் 1,862 ஜிபி அளவில்தான் தெரியும். டிஸ்க்கில் கோளாறு எதுவும் இல்லை.

அடுத்து ரெய்டு. ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் அளவு இடம் பாதுகாப்புக்குப் போகும், ஒரு டிஸ்க் செத்தால் தாங்கும். ரெய்டு 6-இல் இரண்டு டிஸ்க் அளவு போகும், இரண்டு செத்தாலும் தாங்கும். ரெய்டு 10-இல் பாதி போகும், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு நகல் இருக்கும். ரெய்டு 0 என்று பட்டியலில் இன்னொன்று தெரியும். அதில் பாதுகாப்பே இல்லை, அந்தப் பக்கம் போகவேண்டாம்.

பன்னிரண்டையும் ஒரே ரெய்டு 5 ஆகப் போட்டால் 22 டெராபைட் கிடைக்கும். இடம் நிறையக் கிடைக்கிறதே என்று இதைத்தான் பலர் போடுகிறார்கள். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்திலும் அப்படித்தான் போட்டிருந்தார்கள், ஸ்பேர் டிஸ்க், அதாவது ஒன்று செத்தால் அதன் இடத்துக்கு வரக் காத்திருக்கும் டிஸ்க், ஒன்றுகூட விடாமல். ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒரு டிஸ்க்கில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மாற்று டிஸ்க் திங்கட்கிழமைதான் வந்தது. போட்டோம், மறுகட்டுமானம், அதாவது செத்த டிஸ்க்கின் டேட்டாவை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டுப் புது டிஸ்க்கில் எழுதுவது, ஓடிக்கொண்டிருந்தது, பாதியில் இன்னொரு டிஸ்க் படிக்க முடியாமல் போனது. குரூப் முழுதும் போயிற்று. கடைசி பேக்கப் மூன்று வாரம் பழையது. கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் ரசீதுக் கட்டுகளைப் பார்த்து மூன்று வாரக் கணக்கையும் மறுபடி ஏற்றினார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஏன் அப்படி ஆகிறது? ஒரு டிஸ்க்கை மறுபடி கட்டவேண்டுமானால் மிச்சமுள்ள பதினொன்றையும் முழுதாகப் படிக்க வேண்டும். 22 டெராபைட் படிப்பு. இந்த வகை டிஸ்க்குகளுக்கு வழக்கமாகத் தரும் விவரத்தாளில், 10-இன் 15-ஆம் அடுக்கு பிட் படித்தால் ஓர் இடம் படிக்க முடியாமல் போகலாம் என்று இருக்கும். அதாவது சுமார் 125 டெராபைட்டுக்கு ஒன்று. 22-ஐ அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒதுக்கித் தள்ளுகிற அளவு சின்ன எண் இல்லை அது. நேரத்தையும் பாருங்கள். விநாடிக்கு 100 எம்பி வீதம் எழுதினாலும் 2 டெராபைட்டுக்கு ஐந்தரை மணி நேரம். சர்வர்கள் வேலை செய்துகொண்டே இருந்தால் ஒரு நாளைத் தாண்டிவிடும். அத்தனை நேரமும் ரெய்டு 5-க்கு வேறு பாதுகாப்பு இல்லை. பெரிய டிஸ்க்குகளில் ரெய்டு 5 போடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

வேகக் கணக்கு இன்னொரு பக்கம். 7,200 சுற்று டிஸ்க் ஒன்று, சிதறிய சின்னச் சின்ன வேலைகளை விநாடிக்கு 75 அளவில்தான் செய்யும். ரெய்டு 6-இல் ஒருமுறை சின்னதாக எழுத டிஸ்க்கில் ஆறு வேலை, ரெய்டு 10-இல் இரண்டே வேலை. ஏழு டிஸ்க் ரெய்டு 6-ஐப் போட்டால் 7 × 75 ÷ 6, விநாடிக்கு 87 முறை எழுதலாம். நாலே டிஸ்க் ரெய்டு 10-இல் 4 × 75 ÷ 2, 150 முறை. கேஷ், அதாவது எழுதவேண்டியதைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் நினைவகம், நடுவில் கைகொடுக்கும் என்பது உண்மை. ஆனாலும் நாலு டிஸ்க் ஏழு டிஸ்க்கை எழுதுவதில் முந்துகிறது என்பதை ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பார்த்தவர், டேட்டாபேஸை ரெய்டு 6-இல் வைக்க மாட்டார்.

ஆகவே என் தாளில் இப்படி வரும்: 0 முதல் 3 வரையுள்ள இடங்களில் நாலு டிஸ்க், ரெய்டு 10, டேட்டாபேஸுக்கு. 4 முதல் 10 வரை ஏழு டிஸ்க், ரெய்டு 6, கோப்புகளுக்கும் மற்றதற்கும். 11-ஆம் இடத்து டிஸ்க் ஸ்பேர். கிடைப்பது 4 + 10, மொத்தம் 14 டெராபைட். திரையில் 3,725 ஜிபியும் 9,310 ஜிபியும் தெரியும். 22-இலிருந்து 14-க்கு இறங்கிவிட்டதே என்று மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். மேலே சொன்ன மறுகட்டுமானக் கணக்கைக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள்.

கேபிளும் முதல் நுழைவும்

இரண்டு கண்ட்ரோலருக்கும் தனித்தனி நிர்வாகப் போர்ட் உண்டு. டிஎச்சிபி (தானாக முகவரி கொடுக்கும் சேவை) இல்லாத இடத்தில் அவை 192.168.128.101, 192.168.128.102 என்ற முகவரிகளில் நிற்கும். லேப்டாப்புக்கு 192.168.128.50 என்று கொடுத்து இணைத்தால் போதும். ஐ-ஸ்கஸி போர்ட்டுகளுக்கு முதல் கண்ட்ரோலரில் 192.168.130.101-இல் தொடங்கி 131, 132, 133 என்று போகும். இரண்டாவதில் கடைசி எண் 102. நான்கும் நான்கு தனி சப்நெட் (நெட்வொர்க் பிரிவு) என்பதைக் கவனியுங்கள். முகவரியை உங்கள் வசதிக்கு மாற்றும்போதும் இந்தப் பிரிவைக் கெடுக்காதீர்கள். கேபிள்களை இரண்டு ஸ்விட்ச்சுக்குப் பாதிப் பாதியாகக் கொண்டுபோங்கள். எல்லாம் ஒரே ஸ்விட்ச்சில் என்றால் இரண்டு கண்ட்ரோலர் வாங்கிய காசு வீண்.

ஜம்போ ஃப்ரேம், அதாவது நெட்வொர்க்கில் ஒரு தடவை அனுப்பும் பொட்டலத்துக்கு 9000 பைட் அளவு, வைப்பதானால் பெட்டி, ஸ்விட்ச், சர்வர் மூன்றிலும் வையுங்கள். ஓரிடத்தில் விட்டுப்போனால் இணைப்பு வரும், சின்ன வேலை நடக்கும், பெரிய கோப்பு போகும்போது தொங்கும். அந்தக் கோளாறைத் தேடுவதில் ஒரு நாள் போய்விடும். சந்தேகமாக இருந்தால் வழக்கமான 1500-இலேயே விட்டுவிடுங்கள்.

நிர்வாக மென்பொருளின் பெயர் மாடுலர் டிஸ்க் ஸ்டோரேஜ் மேனேஜர். அதில் பெட்டியைச் சேர்க்கும்போது இரண்டு கண்ட்ரோலரின் முகவரியையும் கொடுங்கள். சேர்த்ததும் டிஸ்க் பக்கம் போகாமல் ஐந்து காரியம் செய்யுங்கள்: பெட்டிக்கு ஒரு பெயர், கடவுச்சொல், கண்ட்ரோலர் கடிகாரங்களைச் சரிசெய்வது, ஃபெர்ம்வேரை (பெட்டிக்குள்ளேயே ஓடும் மென்பொருளை) புதுப்பிப்பது, மின்னஞ்சல் எச்சரிக்கை. கடைசியைத் தள்ளிப்போடாதீர்கள். டிஸ்க் செத்தது யாருக்கும் தெரியாமலே இரண்டு மாதம் ஓடுகிற பெட்டிகள் உண்டு, இரண்டாவது டிஸ்க் சாகும்போதுதான் தெரியவரும். ஃபெர்ம்வேரை டேட்டா ஏறுவதற்கு முன்பே முடித்துவிட்டால் மனம் நிம்மதி.

டிஸ்க் குரூப் போடுதல்

ஸ்டோரேஜ் பகுதியில் 'அன்கான்ஃபிகர்டு கெபாசிட்டி' என்று மொத்த இடமும் தெரியும். அதில் வலது சொடுக்கு, கிரியேட் டிஸ்க் குரூப். பெயர் கேட்கும். இடைவெளி விடாமல், 30 எழுத்துக்குள். 'டெஸ்ட்1', 'நியூ2' என்றெல்லாம் வைக்காமல் ரெய்டு வகையும் வேலையும் தெரிகிற மாதிரி வையுங்கள். 'ஆர்10_டேட்டாபேஸ்', 'ஆர்6_கோப்பு' என்ற பாணியில் ஆங்கில எழுத்தில்.

அடுத்து ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்று கேட்கும். மேனுவலையே எடுங்கள். ஆட்டோமேட்டிக் தவறு செய்யும் என்பதற்காகச் சொல்லவில்லை. தாளில் எழுதிய இடங்களும் பெட்டியில் உள்ள இடங்களும் ஒன்றாக இருந்தால்தான் நாளைக்கு நடு இரவில் எந்த டிஸ்க்கைப் பிடுங்குவது என்று குழப்பம் வராது. ரெய்டு வகையைத் தேர்ந்து, நாலு டிஸ்க்கைச் சேர்த்து, கொள்ளளவைக் கணக்கிடச் சொல்லுங்கள். 3,725-க்குப் பக்கத்தில் வந்தால் சரி, முடியுங்கள். அப்புறம் அதே வழியில் ஏழு டிஸ்க் ரெய்டு 6.

மிச்சமிருக்கும் ஒன்றை ஹாட் ஸ்பேர் ஆக்குங்கள். இதில் அது 'குளோபல்', இரண்டு குரூப்பில் எதில் டிஸ்க் செத்தாலும் தானே போய் உட்காரும். ஒரு நிபந்தனை: செத்த டிஸ்க்கின் அதே வகையாகவும், அளவில் அதற்குக் குறையாமலும் இருக்க வேண்டும். நாளைக்கு யாராவது 4 டெராபைட் டிஸ்க்குகளை வாங்கிப் புதுக் குரூப் போட்டால் இந்த 2 டெராபைட் ஸ்பேர் அதற்கு உதவாது.

குரூப்பின் ரெய்டு வகையைப் பிறகு மாற்ற மெனுவில் வழி இருக்கிறது. ஆனால் தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது, பெட்டி பல மணி நேரம் முக்கி முனகும். அவசரத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

வர்ச்சுவல் டிஸ்க் பிரித்தல்

இப்போது ஒவ்வொரு குரூப்புக்குள்ளும் 'ஃப்ரீ கெபாசிட்டி' தெரியும். அதில் வலது சொடுக்கி கிரியேட் வர்ச்சுவல் டிஸ்க். இங்கே எல்லோருக்கும் வருகிற ஆசை, இருக்கிற இடத்தை முழுதும் ஒரே டிஸ்க்காகக் கொடுத்துவிடலாம் என்பது. வேண்டாம். வர்ச்சுவல் டிஸ்க்கைப் பிறகு பெரிதாக்கலாம், சின்னதாக்க முடியாது. சின்னதாகத் தொடங்கினால் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கக் கையில் இடம் இருக்கும். ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் ஒரு கணத்து நிலையின் பதிவு) எடுப்பதானால் அதற்கும் வெற்றிடம் வேண்டும். 9,310 ஜிபி குரூப்பில் கோப்பு சர்வருக்கு 3,000, இன்னொரு சர்வருக்கு 2,000 என்று கொடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுவைப்பேன்.

எந்த வகை வேலை என்று கேட்கும்: கோப்பு, டேட்டாபேஸ், மல்டிமீடியா. அதைப் பொறுத்து செக்மெண்ட் அளவு, அதாவது அடுத்த டிஸ்க்குக்குப் போகும் முன் ஒரு டிஸ்க்கில் எழுதும் துண்டின் அளவு, மாறும். கோப்பு வகைக்கு 128 கேபி. தெரியாவிட்டால் அதிலேயே இருங்கள். டேட்டாபேஸ் நடத்துபவர் குறிப்பிட்ட அளவு கேட்டால் மட்டும் மாற்றுங்கள்.

கேஷ் அமைப்பில் எழுத்துக் கேஷும் (எழுதுவதற்கான கேஷ்), இரண்டு கண்ட்ரோலருக்கும் நகல் வைக்கும் மிரரிங்கும் இயங்கட்டும். 'பேட்டரி இல்லாமலும் எழுத்துக் கேஷ்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை ஒருபோதும் டிக் செய்யாதீர்கள். பேட்டரி கெட்டால் பெட்டி தானாகவே எழுத்துக் கேஷை நிறுத்தி வேகம் குறையும். அந்த வேகக்குறைவு உங்கள் டேட்டாவைக் காப்பாற்றத்தான். அந்தக் கட்டத்தை டிக் செய்தவர்கள் மின்சாரம் போகும்போது எழுதாத டேட்டாவை இழப்பார்கள்.

ஒவ்வொரு வர்ச்சுவல் டிஸ்க்குக்கும் ஒரு கண்ட்ரோலர் உரிமையாளர். ரெய்டு 10-இல் உள்ளவற்றை ஒரு கண்ட்ரோலருக்கும் ரெய்டு 6-இல் உள்ளவற்றை மற்றதற்கும் கொடுத்தால் சுமை பிரியும்.

உருவாக்கிய உடனேயே பயன்படுத்தலாம், தயார்ப்படுத்தும் வேலை பின்னணியில் ஓடும். மீடியா ஸ்கேனை இயக்கிவிடுங்கள். படிக்க முடியாமல் போகும் இடங்களை, மறுகட்டுமானம் தேவைப்படும் நாளுக்கு முன்பே அது தேடிப்பிடிக்கும். அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே அதை ஓடவிட்டிருந்தால் எங்கள் கதை வேறாக இருந்திருக்கலாம்.

யாருக்கு எது: மேப்பிங்

முதலில் சர்வரை ஹோஸ்ட் ஆகச் சேர்க்க வேண்டும். சர்வரில் உள்ள ஐ-ஸ்கஸி இனிஷியேட்டரில் (பெட்டியோடு இணைக்கும் மென்பொருளில்) ஐக்யூஎன் என்று ஒரு நீளமான பெயர் இருக்கும், அதை நகலெடுத்து ஒட்டுங்கள். கையால் தட்டினால் ஓர் எழுத்து தப்பும். ஹோஸ்ட் வகையைச் சரியாகச் சொல்லுங்கள்: விண்டோஸா, லினக்ஸா, விஎம்வேரா. தவறாகச் சொன்னாலும் டிஸ்க் தெரியும், ஆனால் ஒரு கண்ட்ரோலர் விழும்போது மற்றதற்கு மாறுவதில் சிக்கல் வரும்.

அதன்பின் வர்ச்சுவல் டிஸ்க்கை அந்த ஹோஸ்ட்டுக்கு மேப் செய்யுங்கள். இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. கிளஸ்டர் (ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டம்) அல்லாத இரண்டு சர்வருக்கு ஒரே வர்ச்சுவல் டிஸ்க்கை மேப் செய்யாதீர்கள். இரண்டு பேரும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். சாதாரண கோப்பு முறைமைக்கு, தன்னைத் தவிர இன்னொருவர் அதே டிஸ்க்கில் எழுதுகிறார் என்பதே தெரியாது. இருவரும் ஒருவர் மேல் ஒருவர் எழுதி, சில மணி நேரத்தில் டிஸ்க் கந்தலாகிவிடும். ரெய்டு 6 இதைத் தடுக்காது, டிஸ்க்குகளைப் பொறுத்தவரை எல்லாம் நலமே. பல ஹோஸ்ட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் ஹோஸ்ட் குரூப் என்பது கிளஸ்டருக்கு, அல்லது விஎம்வேர் போலப் பகிரத் தெரிந்தவற்றுக்கு மட்டும்.

பட்டியலில் 31-ஆம் லன் எண்ணில் (மேப் செய்யும் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தரும் எண்) 'ஆக்சஸ்' என்று ஒன்று தெரியலாம். அது பெட்டியை நிர்வகிக்கத் தானாக வருவது. அதில் டேட்டா வைக்க முடியாது, கண்டு பயப்படவும் வேண்டாம்.

சர்வர் பக்கம்

சர்வரில், பல பாதைகளில் வரும் டிஸ்க்கை ஒன்றாகக் காட்டும் மல்டிபாத் மென்பொருளை முதலில் நிறுவுங்கள், பிறகு இணையுங்கள். வரிசை முக்கியம். இரண்டு கண்ட்ரோலருக்கும் குறைந்தது ஒவ்வொரு பாதையாவது போகட்டும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டில் ஒரே டிஸ்க் இரண்டாகவோ நாலாகவோ தெரிந்தால் மல்டிபாத் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் எதையும் ஃபார்மட் செய்யாமல் அதைச் சரிசெய்யுங்கள். ஒன்றாகத் தெரிந்த பின் ஜிபிடி என்ற டிஸ்க் பிரிவு அட்டவணை முறையில் தொடங்குங்கள். பழைய எம்பிஆர் முறை 2 டெராபைட்டுக்கு மேல் பார்க்காது.

டேட்டா ஏறும் முன் கெடுத்துப் பாருங்கள்

எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த கட்டம் இதுதான், பலர் விட்டுவிடுகிற கட்டமும் இதுதான். சில மாதிரிக் கோப்புகளைப் போட்டு, ஒரு பெரிய கோப்பை நகலெடுக்க விட்டு, அது ஓடும்போதே ஒரு ஐ-ஸ்கஸி கேபிளைப் பிடுங்குங்கள். நகலெடுப்பு சற்றுத் தயங்கித் தொடர வேண்டும். பிறகு ஒரு ஸ்விட்ச்சை அணையுங்கள். தொடர்கிறதா? நல்லது. எல்லாவற்றையும் பழையபடி இணைத்த பின், வர்ச்சுவல் டிஸ்க் தன் பாதையில் இல்லை என்று மஞ்சள் எச்சரிக்கை நிற்கலாம். மறுபங்கீடு செய்யச் சொல்லும் கட்டளையைக் கொடுத்தால் உரிய கண்ட்ரோலருக்குத் திரும்பிவிடும்.

அடுத்து டிஸ்க். பின்னணித் தயாரிப்பு முழுதும் முடிந்திருக்க வேண்டும். திரையில் 6-ஆம் இடத்து டிஸ்க்கைத் தேர்ந்து 'பிளிங்க்' கொடுங்கள். பெட்டி முன்னால் போய் எந்த விளக்கு மினுக்குகிறது என்று பாருங்கள். தாளில் உள்ள இடமும் அதுவும் ஒன்றா? நிஜமாகவே டிஸ்க் சாகும் நாளிலும் இதைச் செய்யாமல் கையை நீட்டாதீர்கள். ஏற்கெனவே பாதுகாப்பு இழந்த குரூப்பில் நல்ல டிஸ்க்கைப் பிடுங்கினால் எல்லாம் முடிந்தது.

இப்போது அதைப் பிடுங்குங்கள். மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள். வராவிட்டால் அதைச் சரிசெய்துவிட்டே மேலே போங்கள். 11-ஆம் இடத்து ஸ்பேர் விழித்துக்கொண்டு மறுகட்டுமானம் தொடங்கும். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று தாளில் எழுதுங்கள். உங்கள் பெட்டியின் உண்மையான நேரம் அதுதான், நான் மேலே போட்ட கணக்கைவிட அதை நம்புங்கள். முடிந்ததும் டிஸ்க்கைத் திரும்பச் செருகினால் டேட்டா அதற்கு நகர்ந்து, ஸ்பேர் மறுபடி ஸ்பேராகும்.

எல்லா விளக்கும் பச்சையான பின் அமைப்பு முழுவதையும் ஒரு கோப்பாகச் சேமித்து, அந்தப் பெட்டிக்கு வெளியே வேறோரிடத்தில் வையுங்கள். எந்த இடத்தில் எந்தக் குரூப், எது ஸ்பேர், கண்ட்ரோலர் முகவரிகள், மறுகட்டுமானம் எடுத்த நேரம் எல்லாம் எழுதிய அந்தத் தாளை ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பேக்கப் வேலையை அட்டவணையில் சேர்த்து, அதிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பாருங்கள். அதன் பிறகு டேட்டாவை ஏற்றலாம்.